ஏஜென்ஸி எடுக்குமுன் ஒரு கணக்கு

செகந்திராபாத், லாலாகுடா, மெட்டுகுடா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் ஓய்வு பெறும் தறுவாயில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வருகின்றன. பிள்ளைகள் இங்கேயே வளர்ந்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப மனமில்லை. பெரிய கம்பெனி ஒன்றின் ஃபிரான்சைஸ் எடுத்துக் கடை போட்டால் என்ன?"

போடலாம். ஆனால் பெயர்ப் பலகையை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. நம் தெருவில் எந்தச் சரக்கு ஓடும், அதில் நம் கையில் எவ்வளவு நிற்கும் என்பதே முதல் கணக்கு.

பலரும் விரும்பும் அமுல் கடையையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கூட்டுறவு அமைப்பு வெளியிட்டிருந்த விவரப்படி, 100 முதல் 150 சதுர அடிக் கடைக்கு முதலீடு சுமார் 2 லட்சம் ரூபாய். ராயல்டி கிடையாது. கடைக்காரருக்குக் கிடைப்பது பாக்கெட் பாலுக்கு 2.5 சதவிகிதம், பால் பொருள்களுக்கு 10, ஐஸ்கிரீமுக்கு 20.

கடை வாடகை மாதம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலை மட்டும் விற்று அந்த வாடகையை எடுக்க, மாதம் 6 லட்சம் ரூபாய்க்குப் பால் போக வேண்டும். தினம் 20,000 ரூபாய்! ஐஸ்கிரீம் என்றால் தினம் 2,500 ரூபாய்க்கு விற்றால் போதும். ஏப்ரல், மே வெயிலில் அது பெரிதல்ல, ஜூலை மழையில்? ஃப்ரீஸருக்கான கரண்ட் பில்லும் கடைப் பையன் சம்பளமும் மழைக்காகக் குறையப்போவதில்லை. போதாக்குறைக்கு விஜயா, ஹெரிடேஜ், தொட்லா என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன பால்கள் வேறு.

ஆகவே, பார்த்து வைத்திருக்கும் கடைக்கு எதிரே ஒரு வாரம் காலையும் மாலையும் நின்று, போகிறவர் வருகிறவரை எண்ணுங்கள். வேறு பேட்டையில் அதே ஏஜென்ஸி வைத்திருப்பவரிடம் மழைக்கால வியாபாரத்தைக் கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் உண்மை வராது!

இன்னொரு ஆபத்து, போலிகள். அமுல் ஏஜென்ஸி தருவதாகப் பொய்யான இணையதளங்கள் நடத்திப் பணம் கறந்தவர்கள்மீது, அந்த நிறுவனமே 2020-ல் டில்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. போனில் பேசுகிறவர் சொல்லும் கணக்கில் பணம் போடாதீர்கள். நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள். கட்டுகிற முன்பணம் திரும்பி வருமா, வராதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஏனென்றால், அமெரிக்காவில் 1979 முதலே ஃபிரான்சைஸ் விற்பவர் தன் விவரங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. தகராறு வந்தால் 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் கையெழுத்திட்ட காகிதமும்தான் துணை. அந்தக் காகிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வக்கீலுக்குக் கொடுக்கும் பீஸைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

கடைசியாக, கடைச் சொந்தக்காரரோடு போடும் வாடகைப் பத்திரத்தையும் பாருங்கள். ஏஜென்ஸி ஐந்து வருடத்துக்கு, வாடகைப் பத்திரம் பதினொரு மாதத்துக்கு என்றிருந்தால், பன்னிரண்டாவது மாதம் அவர் கேட்கிற வாடகையைத்தான் நீங்கள் கொடுத்தாக வேண்டியிருக்கும்.