சுவாமியின் மாம்பழக் கணக்கு

சென்ற கோடையில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. போன காரியம் ஒரு நிலப் பத்திரத்தைப் பற்றியது. வழக்கறிஞனாகப் பிறந்தவனுக்கு உறவினர் வீட்டிலும் பத்திரத்திலிருந்து விடுதலை இல்லை. மாலையில் பத்திரத்தை மூடிவிட்டு எழுந்தபோது, கூடத்தில் நான்கு சிறுவர்கள் ஒரு கைப்பேசியைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்து, தலையோடு தலை முட்ட எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான பொம்மைப் படமாக இருக்கும் என்று எண்ணினோம். ஆனால் அதிலிருந்து எழுந்த, சொல்லே இல்லாத அந்த முனகல் பாட்டு நம்மை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டது. அது ‘மால்குடி டேஸ்’ தொடரின் பாட்டு. இசை அமைத்தவர் எல். வைத்தியநாதன்.

1986-ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் வெளிவந்த தொடர் அது. அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று நரை கண்டுவிட்டது. ஆயினும் அந்தப் பாட்டைக் கேட்டால் காலில் செருப்பில்லாமல் ஓடிய நாட்கள் திரும்பி வருகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் இன்றைய பிள்ளைகளையும் விளையாட்டை மறந்து உட்கார வைக்கிறது என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கவேண்டும் அல்லவா?

அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. கதை எழுதிய ஆர்.கே. நாராயண் 1906-இல் சென்னையில் பிறந்த தமிழர், மைசூரில் வாழ்ந்தவர், எழுதியது ஆங்கிலத்தில். ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் அவருடைய முதல் நாவல் 1935-இல் வெளிவந்தது. அதைப் பதிப்பகத்தாரிடம் கொண்டு சேர்த்தவர் கிரஹாம் கிரீன் என்ற ஆங்கில எழுத்தாளர். படமாக்கியவர் கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக். படத்தின் தொடக்கத்தில் வரும் சித்திரங்களை வரைந்தவர் நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமணன். படத்தில் பேசிய மொழியோ இந்தி. இத்தனைக்கும் மால்குடி என்று ஓர் ஊர் பூமியில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், பெருமழைக்குப் பேர்போன ஆகும்பே என்னும் சிற்றூரையே சங்கர் நாக் மால்குடியாக்கினார். ஷிமோகாப் பக்கத்து அரசாளு ரயில் நிலையம் மால்குடி நிலையமாயிற்று. 2020-இல் அந்தப் பழைய நிலையக் கட்டடம் ‘மால்குடி’ அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இல்லாத ஓர் ஊருக்கு ரயில்வேயார் நினைவில்லம் அமைத்தது இந்நாட்டில் வேறெங்கும் நடந்ததாக நமக்குத் தெரியவில்லை!

இந்தி அறியாத தமிழ்ப் பிள்ளைகள் அந்நாளில் இதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். மஞ்சுநாத் என்ற சிறுவன் சுவாமியாக நடித்தான். அவனுடைய விழி போதும், அகராதி வேண்டியதில்லை. தகப்பனார் வரும் காலடியோசை கேட்டதும் புத்தகத்தைத் தேடும் அந்தப் பதற்றத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? தந்தையாக வந்தவர் கிரீஷ் கர்னாட். கதைப்படி அந்தத் தந்தை ஒரு வக்கீல். ஆகவே, சுவாமியின் கட்சியை நாம் எடுத்துப் பேசுவது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று சிலர் கூறக்கூடும். பரவாயில்லை.

‘ஒரு வீரன்’ என்ற கதையைப் பாருங்கள். புலியோடு போராடிய ஒரு கிராமத்துச் சிறுவனைப் பற்றித் தந்தை பத்திரிகையில் படிக்கிறார். உடனே தைரியத்தைப் பற்றிய உபதேசம் தொடங்குகிறது. பாட்டியின் பக்கத்தில் படுத்துறங்கும் மகனை அன்றிரவு தம்முடைய அலுவல் அறையில் தனியே படுக்கச் செய்கிறார். பையன் நடுங்கிப் பெஞ்சின் அடியில் ஒடுங்குகிறான். நள்ளிரவில் பேய் வந்துவிட்டதென்று அஞ்சி, கைக்கு எட்டிய காலைப் பற்றிக் கடித்துவிடுகிறான். அது திருடனுடைய கால்! மறுநாள் ஊரெல்லாம் அவனை வீரன் என்கிறது. வீரனோ மறுநாள் இரவு பாட்டியின் பக்கத்துக்கே போய்ச் சேர்கிறான். பயந்த பிள்ளை தைரியசாலி ஆனான் என்று சாதாரண ஆசிரியன் கதையை முடித்திருப்பான். நாராயண் முடிக்கவில்லை. பத்திரிகைச் செய்தியை எடுத்துப் பிள்ளைகள் தலையில் போடுகிறவர்களுக்கு அதில் ஒரு குட்டு இருக்கிறது. பத்திரிகை நடத்தும் நாமும் அதைப் பணிவுடன் ஏற்றுக்கொள்கிறோம்.

நாவலில் வரும் தொப்பிக் கதை இதைவிட அருமை. 1930 ஆகஸ்டில் சரயு நதிக்கரையில் தேசியக் கூட்டம் நடக்கிறது. அன்னியத் துணிகள் தீயில் விழுகின்றன. சுவாமியின் தலையில் இருப்பது அன்னியத் தொப்பி என்று யாரோ சொல்ல, அவன் வெட்கி அதைத் தீயில் எறிகிறான். பிறகு வீட்டில் தந்தை சொல்கிறார், அது அசல் கதர் என்று! தேச பக்தியைக் கேலி செய்வதற்காக இது எழுதப்படவில்லை. பெரியவர்களின் பெரிய இயக்கம் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் எவ்வாறு வந்திறங்குகிறது என்பதை உள்ளபடி சொன்ன உண்மை அது. அந்த 1930-இல் நமது போலகம் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. 1954 நவம்பரில்தான் காரைக்கால் பகுதி இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. இங்கிருந்த சுவாமிகளின் தலையில் என்ன தொப்பி இருந்ததோ, எதை எறிந்தார்களோ, அதைப் படமெடுத்துக் காட்ட ஒரு சங்கர் நாக் நமக்கு வாய்க்கவில்லை.

இதுவே நாம் சொல்ல வந்த விஷயம். இன்று தமிழ்க் குழந்தைகள் திரையில் காண்பவற்றில் பெரும்பகுதி எங்கோ தயாராகி, தமிழ்க் குரல் பூசப்பட்டு வருவது. அவற்றில் நல்லவையும் உண்டு, மறுப்பதற்கில்லை. அயல் நாட்டுப் பூனையும் எலியும் நம் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தன் தெருவையும், தன் பாட்டியையும், தன் வாத்தியாரின் பிரம்பையும் ஒரு பிள்ளை திரையில் காணவே கூடாதா? தன் ஊரும் கதைக்கு ஏற்ற ஊர்தான் என்ற எண்ணம் அவனுக்குப் பிறகு எப்படி வரும்?

குழந்தைத் தொடர்களால் வருமானம் இல்லை என்று தனியார் நிலையத்தார் கூறலாம். அது அவர்கள் கணக்கு. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நிலையத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975-இல். அரை நூற்றாண்டு கண்ட நிலையம் அது. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் எழுதிய மொழியில் குழந்தைக் கதைக்குப் பஞ்சமா? ஆண்டுக்கு ஒன்றாயினும், தமிழ் ஊர் ஒன்றில், தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டு, உபதேசம் கலவாத தொடர் ஒன்றை எடுக்கட்டும். மாளிகை எழுப்ப வேண்டியதில்லை. ஆகும்பேயில் இருந்தவை ஒரு பழைய வீடும், ஒரு தெருவும், மழையுந்தான்.

போலகத்துக் கூடத்துக்குத் திரும்புவோம். படம் முடிந்ததும், நாவலில் சுவாமியின் தந்தை போடும் கணக்கைப் பிள்ளைகளிடம் சொன்னோம். ராமனிடம் பத்து மாம்பழம்; அவற்றுக்குப் பதினைந்து அணா பெற விரும்புகிறான்; கிருஷ்ணனுக்கு நான்கு பழம் வேண்டும்; எவ்வளவு கொடுப்பான்? சுவாமி இதை உடனே போடவில்லை. பழம் பழுத்ததா இல்லையா என்ற யோசனையிலேயே மூழ்கித் தந்தையின் கோபத்துக்கு ஆளாகிறான். மூத்த பையன் உடனே “ஆறு அணா” என்றான். கடைக்குட்டி மட்டும் நம் சட்டையைப் பிடித்து இழுத்து, “ஏன் மாமா, அது காயா பழமான்னு அந்த அப்பா கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையா?” என்று கேட்டான்.

மூலையில் அமர்ந்திருந்த அவன் பாட்டி சிரித்தார். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழா நெருங்கிய சமயம் அது. காரைக்கால் அம்மையார் இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்டு, கணவனுக்கு இரண்டு கொடுத்த கதையை அவர் சொல்லத் தொடங்கினார். இரண்டில் ஒன்று போனால் மீதி இரண்டு என்ற கணக்கை மூத்தவன் ஒப்பவில்லை. கடைக்குட்டி ஒப்பினான். ஆனால் முதலில் அவன் கேட்டது, அந்த இரண்டாவது பழம் இனிப்பாக இருந்ததா என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களைப் படமெடுக்கப் பெரியவர்கள்தாம் இன்னும் வந்து சேரவில்லை.