‘ஓர்கானிக்’ என்று பலகை எழுதுமுன் கன்னொறுவைக்கு ஒருமுறை போய் வாருங்கள்

காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்து, பகல் சாப்பாட்டு நேரம் வருவதற்கு முன், பத்து பத்தரை மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆள் நிறைந்திருக்கிறது என்றால், அங்கே வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஏதோ இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குச் சற்றுத் தள்ளி, கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் நடத்தும் ‘ஹெல பொஜுன்’ அப்படியான ஓர் இடம்.

பல்கலைக்கழக மாணவர்கள், விரிவுரையாளர்கள், பூங்கா பார்க்க வந்த குடும்பங்கள், கண்டிக்குப் போகும் வழியில் வாகனத்தை நிறுத்தியவர்கள் என்று எல்லாத் தரத்தினரும் வருகிறார்கள். குளிரூட்டி கிடையாது. மேசைக்கு வந்து கேட்கும் பணியாளரும் கிடையாது. வரிசையாக உள்ள அடுப்படிகளில் பெண்கள் நம் கண் முன்னே சமைக்கிறார்கள். வேண்டியதை நாமே வாங்கி வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இலைக்கஞ்சியும் ஒரு துண்டு கருப்பட்டியும், குரக்கன் ரொட்டி, பிட்டு, அப்பம், கெந்த இலையில் சுற்றிய ஹலப்ப, தேங்காயும் பாணியும் உள்ளே வைத்த லவாரியா, பிஞ்சுப் பலாவில் செய்த பலகாரங்கள். குடிப்பதற்கு வில்வம்பூ, ஆவாரம்பூ பானங்களும் பழச்சாறும். பெரும்பாலும் மரக்கறிச் சாப்பாடு என்பதால் நம்மவர்களும் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிறார்கள்.

இந்தத் திட்டத்தின் அமைப்பு எளிமையானது. இடமும் பயிற்சியும் மேற்பார்வையும் திணைக்களத்தினுடையவை. சமையலும் விற்பனையும் வருமானமும் அந்தப் பெண்களுடையவை. கோதுமை மாவைத் தவிர்த்து அரிசி மா, குரக்கன் மா போன்ற உள்ளூர்ப் பொருட்களிலேயே சமைக்க வேண்டும். செயற்கை நிறமும் சுவையூட்டியும் சேர்க்கக் கூடாது. கன்னொறுவையில் தொடங்கிய இது இன்று நாட்டின் பல மாவட்டங்களுக்கும் பரவியிருக்கிறது.

இதில் நமக்குள்ள முதல் பாடம் கணக்குப் பாடம். நமது ஹோட்டல்களின் கொத்து, பராட்டா, ரோல்ஸ் எல்லாமே கோதுமை மாவை நம்பியவை. கோதுமையோ முழுக்க முழுக்கக் கப்பலில் வருவது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 350 ரூபாவைத் தாண்டியபோது மாவின் விலை எங்கே போனது என்பதை ஹோட்டல்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அரிசியும் குரக்கனும் விலை ஏறாத பொருட்களல்ல. ஆனாலும் ஒரே மாவில் முழு வியாபாரத்தையும் தொங்கவிடுவது கெட்டித்தனமல்ல. காலையில் நான்கு உள்ளூர்ப் பண்டங்களைச் சேர்த்துக்கொள்ள எந்தக் கடைக்கும் பெரிய முதல் வேண்டியதில்லை.

இரண்டாவது பாடம்தான் முக்கியமானது. கன்னொறுவைக்குப் போய் வருபவர்களில் பலர் “ஓர்கானிக் சாப்பாடு சாப்பிட்டோம்” என்று சொல்கிறார்கள். ஆனால் ‘ஹெல பொஜுன்’ என்றால் நம் நாட்டு உணவு என்பதுதான் பொருள். பலகையில் உள்ளதும் அதுதான். நாட்டு உணவு வேறு, ஓர்கானிக் வேறு. குரக்கன் நம் மண்ணில் விளைந்ததாக இருக்கலாம். அதற்கு யூரியா போட்டார்களா, கிருமிநாசினி அடித்தார்களா என்பது தனிக் கேள்வி.

ஓர்கானிக் என்பது நிலத்திலிருந்தே தொடங்கும் கணக்கு. ஐரோப்பியச் சந்தைக்கு அந்தப் பெயரில் பொருள் அனுப்புவதென்றால், இரசாயனத்தை நிறுத்திய பிறகு நெல், மரக்கறி போன்ற பயிர்களுக்கு 2 வருடங்களும், தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு 3 வருடங்களும் நிலம் அந்த நிலையிலேயே இருக்க வேண்டும். வெளியார் வந்து சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். நமது கட்டளைகள் நிறுவனமும் இதற்கென எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரத்தை வைத்திருக்கிறது. ஒரே இரவில் ஓர்கானிக் ஆக முடியாது என்பதை நாடே அனுபவத்தில் கண்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த அரசாங்கம், வயல்களும் தேயிலைத் தோட்டங்களும் அடிபட்ட பிறகு அதே வருடம் நவம்பரில் தடையை நீக்கிக்கொண்டது.

இப்படியிருக்க, இன்று நகரங்களில் ‘ஓர்கானிக்’ என்று ஒரு பச்சைப் பலகையைத் தொங்கவிட்டு, பொதுச் சந்தையில் வாங்கிய கீரையைக் கூடுதல் விலைக்கு விற்கும் கடைகளும் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. சட்டம் கடைக்கு வருமுன் வாடிக்கையாளரின் சந்தேகம் வந்துவிடும். ஹலால் என்ற சொல்லை ஒருவர் பொய்யாகப் பலகையில் எழுதினால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்? அந்த நியாயம் இதற்கும் உண்டு. வாங்குபவர் நோயாளியாக இருக்கலாம். பிள்ளைக்கு நஞ்சில்லாத சாப்பாடு கொடுக்க வேண்டுமென்று சல்லியைச் சேர்த்துக்கொண்டு வந்த தாயாகவும் இருக்கலாம்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாக எச்சரித்தார்கள் நபியவர்கள். தானியத்தை விற்பதை அவர்கள் தடுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டி விற்கச் சொன்னார்கள்.

கன்னொறுவையின் வெற்றியும் இதுதான். அடுப்பு வெளியே தெரிகிறது, அரைத்த மா தெரிகிறது, சமைப்பவர் முகம் தெரிகிறது. சொல்லாத பெருமையை அவர்கள் விற்கவில்லை. இத்தகைய உணவகம் ஒன்றைத் தொடங்க நினைக்கும் நம் சகோதரர்கள் மூன்று வேலைகளைச் செய்தால் போதும். எந்த ஊர் விவசாயியிடம் எந்தப் பொருளை வாங்கினீர்கள் என்பதை எழுதி வையுங்கள். சான்றிதழ் இருக்கும் பொருளுக்கு மட்டும் ஓர்கானிக் என்று எழுதுங்கள். மற்றதை ‘நாட்டு உணவு’ என்றே சொல்லுங்கள். அந்தப் பெயருக்கும் வாடிக்கையாளர் வருவார், அந்த வருமானத்தில் பரக்கத்தும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.