பிறர் வழிபாட்டில் விருந்தினர்

மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலை, 1885-இல் அதனை அளந்து குறித்த வில்லியம் கேமரன் பெயரால் வழங்குவது. 1929-இல் ஜே. ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் நெடுங்காலம் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகள் பல. தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடுவோர். கிறித்தவர் சிறு தொகையினரே. அச்சிறு கூட்டத்தின் ஞாயிறு வழிபாட்டிற்குப் பிறநாட்டுத் திருப்பணியாளர் ஒருவர் வந்து அமர்கின்றார் எனக் கொள்வோம். அவர் அங்கே காண்பது யாது?

தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் காலணியை வாயிலில் விடுதல் வழக்கம். ஆடவர் ஒருபுறமும் பெண்டிர் மறுபுறமும் அமர்வர். பெண்டிர் முந்தானையால் தலையை மூடுவர். வந்தவர் இவற்றை விரைவில் அறிந்துகொள்வார். பாட்டு எழும்போதுதான் அவர் திகைப்பார். சில பாட்டுகளின் மெட்டு அவருக்குத் தெரியும், சொல் தெரியாது. அவை பெப்ரிசியசு (1711–1791) போன்றோர் செருமானியத்திலிருந்து பெயர்த்த ஞானப்பாட்டுகளும், பிற்காலத்துப் பாமாலைகளும் ஆகும். வேறு சிலவற்றின் மெட்டும் தெரியாது, சொல்லும் தெரியாது. அவை தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) முதலியோர் இராகமும் தாளமும் அமைத்து இயற்றிய கீர்த்தனைகள். ஒரே வழிபாட்டில் இரண்டும் அடுத்தடுத்து ஒலிக்கும். இந்நெறி தமிழகத்திலிருந்து தொழிலாளரோடு கடல் கடந்தது.

சொற்களும் வரலாறு கூறும். ‘பாதிரி’, ‘குருசு’ என்பவை போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை. ஆயினும் தொழும் இடத்திற்குத் தமிழ்க் கிறித்தவர் ‘கோயில்’ என்னும் சொல்லையே கொண்டனர். அம்மனுக்கும் மாதாவுக்கும் தமிழர் வாயில் வழங்குவது அவ்வொரு சொல்லே.

இனி, வந்தவர் கற்கவேண்டியவரா, கற்பிக்கவேண்டியவரா என்னும் வினா எழுகின்றது. இதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1706 சூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து 1708-இல் அவற்றிற்குப் பட்டியலும் வரைந்தார். அவர் தொடங்கிய திருப்பணியில் 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். மாணவராய் அமர்ந்தவரின் பணியே மண்ணின் மைந்தரை ஆசிரியராக்கியது என்க.

மறுபுறமும் ஒரு படிப்பினை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் பூசை மந்திரங்கள் இலத்தீனிலேயே ஒலித்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு அமைப்புத்திட்டம் மக்கள் மொழிக்கு இடந்தந்தது. அதுவரை தமிழ்த் தொழிலாளி தன் கோயிலிலேயே பிறமொழி கேட்டு நின்றான்; விருந்தினன் நிலையே அவனது நிலை.

அந்நிலை இன்று வேறோர் உருவில் திரும்பக்கூடும். பிறநாட்டார் ஒருவர் வந்து அமர்ந்ததும், அவருக்குப் புரியவேண்டுமென்று அருளுரையை ஆங்கிலத்தில் ஆற்றுவதும், கீர்த்தனையை விடுத்து ஆங்கிலப் பாட்டைப் பாடுவதும் விருந்தோம்பல் போலத் தோன்றும். தமிழன்றிப் பிறமொழி அறியாத மூதாட்டி ஒருத்தி பின்வரிசையில் இருப்பாளாயின், அவள் நிலை யாது? ஒருவருடைய வசதிக்காக அவள் தன் வீட்டிலேயே அயலாள் ஆகின்றாள் அன்றோ? விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனை இல்லறத்தின் கடமையாகவே வைத்தார். இல்லத்தார் இல்லத்தாராக இருந்தாலன்றி விருந்து ஏது?

ஆதலின் வருவோர்க்கு உரியது எளிய நெறியே. அருகிலிருப்பவர் தாழ்குரலில் பொருள் கூறக் கேட்கலாம். பாட்டுநூலை விரித்து ஓரெழுத்தேனும் கூட்டிப் படிக்கலாம். பேச அழைத்தால் சுருங்கப் பேசி மொழிபெயர்ப்பாளருக்கு இடந்தரலாம். சபையார்க்கு உரியது அதனினும் எளிது: வழக்கம்போல் தமிழில் வழிபடுதல். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது வேண்டுவதே. பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து அவளோடு கீர்த்தனை பாடும் ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பள்ளியே. அப்பள்ளியில் வந்தவரும் ஒரு மாணவராய் அமர்வாராக.