எள்ளலை விற்கும் திரை

நுழையும்முன்

வீட்டின் கூடத்தில் அமர்ந்து குடும்பமே பார்க்கும் மெய்ம்மை நிகழ்ச்சிகளில் ஒருவர் மற்றவரைப் பழித்துரைப்பது இன்று வழக்கமான காட்சியாகிவிட்டது. அதனைக் காணும் பதின்பருவத்தினர் என்ன நினைக்கின்றனர்? அவர்தம் எண்ணத்திற்கும் அவர்தம் பேச்சிற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

சிரிப்பின் பிறப்பிடம்

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் தொன்மைக் காலத்திலேயே எழுப்பியுள்ளது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுக்கிறது. அவற்றுள் ஒன்று எள்ளல். தான் பிறரை இகழ்ந்து சிரிப்பதும், பிறர் தன்னை இகழும்போது தானும் சிரிப்பதும் இதனுள் அடங்கும் என்பர் உரையாசிரியர். இரண்டாவது வகை எண்ணிப்பார்க்கத் தக்கது. இகழப்பட்டவர் சிரிப்பதாலேயே அவர் மனம் நோகவில்லை என்று கொள்ள இயலாது. வகுப்பறையில் பட்டப்பெயர் சூட்டப்பட்ட மாணவர் பலரும் முதலில் சிரிக்கவே செய்கின்றனர்.

எள்ளல் மனித இயல்பு. ஆனால், அதனைத் திட்டமிட்டு விளைவித்து, படம்பிடித்து, இசை சேர்த்து, விளம்பரங்களுக்கு நடுவே விற்கும் முறை அண்மைக் காலத்தது. ‘ரியாலிட்டி ஷோ’ எனப்படும் மெய்ம்மை நிகழ்ச்சிகள் பலவற்றின் அடித்தளம் இதுவே.

மெய்ம்மை என்னும் புனைவு

1999ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட புதினத்தில், குடிமக்களை இடைவிடாது கண்காணிக்கும் ஆட்சியாளருக்கு இட்ட பெயர் அது. நாவலில் அச்சுறுத்தலாக இருந்த கண்காணிப்பு, ஐம்பது ஆண்டுகளில் பொழுதுபோக்காக மாறியது. அந்நிகழ்ச்சியின் இந்திய வடிவமான ‘பிக் பாஸ்’ 2006இல் இந்தியிலும் 2017இல் தமிழிலும் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

இத்தகைய நிகழ்ச்சியில் எழுதி வைத்த உரையாடல் இல்லாதிருக்கலாம். ஆயினும் கதையமைப்பு உண்டு. வெவ்வேறு இயல்புடையோர் ஒரே வீட்டில் அடைக்கப்படுகின்றனர். வெளியுலகத் தொடர்பு துண்டிக்கப்படுகிறது. உணவும் வசதிகளும் போட்டிக்குரிய பொருள்களாகின்றன. ஒருவரை வெளியேற்ற மற்றவர்கள் பெயர் கூறவேண்டும். பூசல் எழாதிருந்தால்தான் வியப்பு. நாள் முழுதும் பதிவான காட்சிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் காட்சியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. எதை விடுவது, எதை மீண்டும் காட்டுவது, எவர் முகத்தை அண்மைக் காட்சியில் நிறுத்துவது என்பனவற்றைத் தொகுப்பாளரே முடிவு செய்கிறார். நிகழ்ந்தது உண்மையாயினும், நாம் காண்பது ஒருவரின் தெரிவு.

சொல்லும் கைதட்டலும்

புண்படுத்தும் உள்ளடக்கம் எனில் வசைச்சொல்லும் ஆபாசமும் மட்டும் அல்ல. உடலமைப்பு, நிறம், மொழி, பாலினம், பிறப்பு, தொழில் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி ஒருவரைத் தாழ்த்தும் எதுவும் அதனுள் அடங்கும்.

2017இல் தமிழ் நிகழ்ச்சியில் ஒரு போட்டியாளர், மற்றொருவரின் நடத்தையைப் பழிக்கச் ‘சேரி’ என்னும் சொல்லைக் கையாண்டார். கடும் எதிர்ப்பு எழுந்தது. சங்க இலக்கியத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த சொல் அது. புதுச்சேரி என்னும் ஊர்ப்பெயரில் இன்றும் வாழ்வது. அதனை இழிசொல்லாக்கும்போது இகழப்படுபவர் எதிரில் நிற்கும் போட்டியாளர் மட்டும் அல்லர். அத்தகைய குடியிருப்பிலிருந்து நாள்தோறும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் ஆவர்.

2019இல் அதே நிகழ்ச்சியில் போட்டியாளர் ஒருவர், கல்லூரி நாள்களில் பெண்களைத் தொடுவதற்காகவே தாம் பேருந்தில் சென்றதுண்டு என்று கூறினார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. கண்டனம் வலுத்த பின் அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு நிகழ்ச்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். சொன்னவர் ஒருவர், கைதட்டியவர் பலர். நெரிசல் மிக்க பேருந்தில் பள்ளிக்குச் செல்லும் ஒரு மாணவி, அந்தக் கைதட்டலை வீட்டில் அமர்ந்து கேட்டிருந்தால் என்ன எண்ணியிருப்பாள்? தனக்கு அவ்வாறு நேர்ந்தால் பிறரிடம் சொல்ல அவளுக்குத் துணிவு பிறந்திருக்குமா? புண்படுத்தும் காட்சியின் முழு விலையும் திரையில் தெரிவதில்லை.

இளையோர் கூறுவது

அமெரிக்கப் பெண் சாரணர் அமைப்பின் ஆய்வு நிறுவனம், 11 முதல் 17 வயது வரையுள்ள 1,100க்கும் மேற்பட்ட சிறுமியரிடம் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகளை 2011இல் வெளியிட்டது. விறுவிறுப்பைக் கூட்டுவதற்காகவே இந்நிகழ்ச்சிகள் பெண்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடுகின்றன என்று 86 விழுக்காட்டினர் கூறினர். அஃதாவது, பின்னணியில் உள்ள சூழ்ச்சியை அவர்கள் அறிந்தே இருந்தனர்.

ஆயினும், அதே கணக்கெடுப்பின் மற்றொரு பகுதி வேறொன்றை உணர்த்தியது. புறம்பேசுவது தோழியரிடையே இயல்பானது என்று, இந்நிகழ்ச்சிகளை வழக்கமாகப் பார்ப்போருள் 78 விழுக்காட்டினர் கருதினர். பார்க்காதோருள் அவ்வாறு கருதியவர் 54 விழுக்காட்டினரே. பொறாமையும் போட்டியும் பெண்களின் பிறவி இயல்பு என்று ஏற்றோர் முறையே 68, 50 விழுக்காட்டினர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்நிகழ்ச்சிகள் தமக்குப் புதிய கருத்துகளை அறிமுகப்படுத்தின என்று 65 விழுக்காட்டினரும், சமூகச் சிக்கல்கள் குறித்த விழிப்புணர்வைத் தந்தன என்று 62 விழுக்காட்டினரும் கூறினர். வழக்கமாகப் பார்ப்போரிடம் தலைமை ஏற்கும் விருப்பம் கூடுதலாகவே காணப்பட்டது.

இவ்வெண்களைக் கவனத்துடன் படித்தல் வேண்டும். நிகழ்ச்சியைப் பார்த்ததனால் அக்கருத்து வந்ததா, அக்கருத்து உடையோர் அந்நிகழ்ச்சியை விரும்பிப் பார்க்கின்றனரா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு மட்டும் முடிவு செய்யாது. இரண்டிற்கும் தொடர்பு உண்டு என்பதே இதனால் பெறப்படும். எனினும் ஒன்று தெளிவு. ‘இது நாடகம்’ என்று அறிவதும், அந்த நாடகம் கற்பிக்கும் பாடத்திலிருந்து விடுபடுவதும் ஒன்றல்ல.

“என்னைப் பாதிக்காது”

இந்நிகழ்ச்சிகளைப் பற்றி இளையோரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, “நான் வேடிக்கையாகத்தான் பார்க்கிறேன், என்னை ஒன்றும் செய்யாது. சின்னப் பிள்ளைகள்தாம் கெட்டுப்போவார்கள்” என்பதாகும். இவ்வாறு எண்ணுவது இளையோர் மட்டும் அல்லர். ஊடகத்தின் தாக்கம் தம்மைவிடப் பிறர்மீதே மிகுதி என்று மனிதர் கருதும் போக்கினை டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் ‘மூன்றாம் நபர் விளைவு’ என்று பெயரிட்டு விளக்கினார். பதினொன்றாம் வகுப்பு மாணவர் எட்டாம் வகுப்புத் தம்பியைச் சுட்டுகிறார். பெற்றோர் பதினொன்றாம் வகுப்பு மாணவரைச் சுட்டுகின்றனர். ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டினால், பாதிக்கப்படுபவர் எவரும் இல்லை என்றாகிவிடும். ஆனால், திரையில் ஒலித்த கேலிச்சொல் மறுநாள் காலையில் பள்ளி வளாகத்தில் ஒலிக்கத்தான் செய்கிறது.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

2007ஆம் ஆண்டு சனவரியில், பிரித்தானியாவின் பிரபலங்களுக்கான ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியில் இந்திய நடிகை ஷில்பா ஷெட்டி பங்கேற்றார். சக போட்டியாளர் சிலர் அவரது பேச்சையும் சமையலையும் பெயரையும் எள்ளினர். அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ‘ஆஃப்காம்’ 40,000க்கும் மேற்பட்ட புகார்களைப் பெற்றது. நிகழ்ச்சிக்கு ஆதரவளித்த வணிக நிறுவனம் விலகிக்கொண்டது. இறுதியில், பார்வையாளர் வாக்குகளால் ஷில்பா ஷெட்டியே வெற்றி பெற்றார். புண்படுத்தும் காட்சிகளை உரிய முறையில் கையாளத் தவறியதற்காக, ‘ஆஃப்காம்’ அளித்த தீர்ப்பைத் தன் திரையிலேயே வெளியிடுமாறு அத்தொலைக்காட்சி பணிக்கப்பட்டது.

அவரை எள்ளியோருள் முதன்மையானவராகக் கருதப்பட்டவர், 2002இல் அதே நிகழ்ச்சியின் வாயிலாக அறிமுகமான ஓர் இளம்பெண். அப்போது அவரது பொது அறிவுக் குறைவையும் தோற்றத்தையும் நாளேடுகள் இரக்கமின்றி எள்ளின. 2007இல் அவரே எள்ளினார். அதற்காக நாட்டின் வெறுப்பைச் சுமந்தார். 2008இல், ஷில்பா ஷெட்டி தொகுத்து வழங்கிய இந்தி ‘பிக் பாஸ்’ வீட்டிற்குள் போட்டியாளராக வந்தார். அங்கிருந்தபோதே தமக்குப் புற்றுநோய் என்பதை அறிந்து நாடு திரும்பினார். மறு ஆண்டு மறைந்தார். இகழப்பட்டவர், இகழ்ந்தவர், மீண்டும் இகழப்பட்டவர் என ஒரே மனிதர் மூன்று நிலைகளிலும் நின்றார். ஒவ்வொரு நிலையிலும் அவரைக் காட்டி ஊடகம் பார்வையாளரைப் பெருக்கிக்கொண்டது.

சட்டமும் பார்வையாளரும்

தெரிந்து தெளிவோம்
1994ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, கண்ணியத்திற்கு மாறானவை, சமயத்தையோ சமூகத்தையோ தாக்குபவை, தனிமனிதரையோ குழுவினரையோ இழித்துரைப்பவை, பெண்களை இழிவுபடுத்துபவை ஆகியவற்றைத் தடை செய்கிறது. பார்வையாளர் புகார்களை ஆராய, ஒளிபரப்பாளர்களின் தன்னொழுங்கு அமைப்பான ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம் 2011இல் தொடங்கப்பட்டது. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, புகாருக்கு ஒளிபரப்பு நிறுவனம் 15 நாள்களுக்குள் முடிவு தெரிவித்தல் வேண்டும். அம்முடிவில் நிறைவு பெறாதவர் தன்னொழுங்கு அமைப்பிடமும், அதன்பின் அரசிடமும் முறையிடலாம்.

குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை ஒளிபரப்பலாகாது என்பதும் அந்நெறிமுறையில் உள்ளது. 2010இல் இந்தி ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியை இரவு 11 மணிக்குப் பிறகே ஒளிபரப்புமாறு நடுவணரசு ஆணையிட்டது; தொலைக்காட்சி நிறுவனம் மும்பை உயர்நீதிமன்றத்தில் அதற்கு இடைக்காலத் தடை பெற்றது. இன்றோ நேரக் கட்டுப்பாட்டின் பயனே குறைந்துவிட்டது. திறன்பேசியில் எந்நேரமும் காட்சி கிடைக்கிறது. சண்டைப் பகுதி மட்டும் துண்டாக வெட்டப்பட்டுக் கைக்குக் கை மாறுகிறது. கதவு பல உள்ள வீட்டிற்கு வாயிற்காவலர் ஒருவர் போதார்.

ஆகவே, முழுத் தடை வேண்டும் என்போரும் உளர். விரும்பாதவர் பார்க்காமல் விடலாமே என்போரும் உளர். முழுத் தடை, மறைந்திருக்கும் இழிவை வெளிப்படுத்திக் கண்டிக்கும் வாய்ப்பையும் அழித்துவிடும். பார்க்காமல் விடுவதோ, தொலையியக்கியைக் கையில் வைத்திருப்பவரைக் காக்குமேயன்றி, காட்சியில் இகழப்படும் சமூகத்தைக் காவாது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி உண்டு. பார்க்கும்போதே வினவுவது அவ்வழி. இக்காட்சியை ஏன் தெரிந்தெடுத்தனர்? இங்கே சிரிப்பொலி ஏன் சேர்க்கப்பட்டது? இச்சிரிப்பால் வருந்துபவர் யார்? இவ்வினாக்களை எழுப்பும் பார்வையாளர் வெறும் நுகர்வோர் அல்லர்.

திருக்குறள் அறத்துப்பாலில் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என நாவின் பொறுப்பிற்கே மூன்று அதிகாரங்கள் அமைந்துள்ளன. திரை வளர்ந்துவிட்ட இக்காலத்தில் அப்பொறுப்பு காதிற்கும் கைக்கும் உரியதாகிறது. இழிசொல் ஒன்று பிறப்பதற்கு ஒரு நா போதும். அது நிலைபெறுவதற்குப் பலர் கைதட்ட வேண்டும். அந்தக் கைதட்டலைத் தருவதும் மறுப்பதும் இளையோர் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. மெய்ம்மை நிகழ்ச்சி ஒன்றின் பத்து நிமிடப் பகுதியைக் கண்டு, இசையும் சிரிப்பொலியும் எவ்விடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன என்பதைப் பட்டியலிடுக.

2. ‘கைதட்டியவருக்கும் பொறுப்பு உண்டு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. நிகழ்ச்சி ஒன்றில் உம்மைப் புண்படுத்திய காட்சியைச் சுட்டி, ஒளிபரப்பு நிறுவனத்திற்குப் புகார்க் கடிதம் வரைக.