பட்டாவைக் கேட்டார்கள், ஏரியைக் கேட்கவில்லை

அரக்கோணத்தில் எங்கள் பாட்டி வீட்டு அடுப்பில் எரிந்தது வேலிக்காத்தான் விறகு. மழைக்காலத்தில் அது லேசில் பற்றாது. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிப் பாட்டிக்குக் கண் சிவந்துவிடும். பிறகு ரேஷன் மண்ணெண்ணெயும் பம்பு ஸ்டவ்வும் வந்தன. 2006 தேர்தலில் திமுக வாக்குக் கொடுத்து, ஆட்சிக்கு வந்ததும் வழங்கிய இலவச எரிவாயு அடுப்பு பல வீடுகளில் புகையை ஒழித்தது. இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் குழாய் வழியே எரிவாயு தருவது பற்றிப் பேச்சு நடக்கிறது. சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வரும் மீத்தேன் லேசானது, மேலே எழும்பிவிடும். மீத்தேனுக்கு மணமே கிடையாது என்பதால், கசிந்தால் தெரியட்டும் என்று அதில் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள்.

அடுப்பு மாறிய கதை எல்லா வீட்டுக்கும் தெரியும். அந்த அடுப்புக்கு எரிபொருள் வந்து சேரும் வழியில் நிலத்திடம் யார், என்ன கேட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

இந்த வட்டாரம் ஏரிகளின் பூமி. காவேரிப்பாக்கம் ஏரி தமிழகத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. மகேந்திரவாடியில் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தான். கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் இருப்பதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் மன்னன் தன் பெயரையே வைத்துக்கொண்டான். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அடுத்ததற்கு. நடுவில் ஒரு வரத்துக்கால்வாய் அடைபட்டாலும் கீழே உள்ள ஊர்கள் காயும். இந்த ஏரிகளின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு கொசஸ்தலை ஆறு கிழக்கே ஓடி, பூண்டியைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது.

இந்த மண்ணில் நீளமாக ஒரு கோடு முதன்முதலில் விழுந்தது 1856இல். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அரக்கோணம் அந்தப் பாதையில் கிடந்தது, பிறகு ஜங்ஷன் ஆயிற்று. ரயிலுக்காகப் போட்ட மண்கரை நீரோட்டத்தை மறிக்கும் இடங்களில் சிறு பாலம் விட வேண்டும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் எங்கே விடுவது, எவ்வளவு அகலத்துக்கு விடுவது என்று ஊரைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்கும் சட்டம் எதுவும் அன்று இல்லை. கம்பெனி ஆட்சியில் அப்படி ஒன்றை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

குழாய்க்கென்று தனிச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின் 1962இல் வந்தது. நிலத்தில் 'பயன்பாட்டு உரிமை' மட்டும் எடுத்துக்கொள்ளும் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் அது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், பட்டா மாறாது. உழலாம், விதைக்கலாம். ஆனால் குறிக்கப்பட்ட பட்டையில் கட்டடம் எழுப்பக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. பயிர் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. அதோடு, உரிமை எடுத்த நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருவார்கள். அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் நிலத்தில் உரிமையுள்ளவர் ஆட்சேபம் சொல்லலாம்.

சட்டத்தின் பார்வையில் பேச வேண்டியவர் பட்டாதாரர். வரத்துக்கால்வாய்க்கும் மேய்க்காலுக்கும் பட்டா கிடையாது. அவை புறம்போக்கு, அவற்றின் சார்பில் பேசுவது அரசு. ஏரிப் பாசனத்தின் கடைமடையில் இருப்பவர் வயலில் குழாய் போகாவிட்டால், அந்த 21 நாளில் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது.

சுற்றுச்சூழலையும் கேட்க வேண்டும் என்று நாட்டுக்குப் புரியவைத்ததில் நம் வட்டாரம் அடங்கிய பழைய வட ஆர்க்காட்டுக்கும் பங்கு உண்டு. அது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பங்கு இல்லை, அடிபட்டுக் கிடைத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. அபராதத்தைவிடப் பெரியவை அந்தத் தீர்ப்பு நாட்டுச் சட்டமாக்கிய கொள்கைகள். கெடுத்தவர் செலவு கொடுக்க வேண்டும். கேடு வரும் என்று அஞ்ச இடமிருந்தால், விஞ்ஞானம் முடிவாகச் சொல்லும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். கேடு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் தொடங்குபவருடையது.

அதே காலத்தில் மத்திய அரசும் நகர்ந்தது. 1994 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது, 1997இல் மக்கள் கருத்துக்கேட்பு சேர்ந்தது. 2006 செப்டம்பர் 14 அன்று வந்த புதிய அறிவிக்கை எந்தெந்தத் தொழிலுக்கு அனுமதி வேண்டும் என்று நீண்ட பட்டியல் போட்டது. அதில் எண்ணெய், எரிவாயுக் குழாய்க்கும் ஒரு வரி உண்டு. அந்த வரி தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் உணர்திறன் கொண்ட பகுதி வழியாகப் போகும் குழாய்களைத்தான் சொல்கிறது. புலி நடக்கும் இடத்தில் போனால் அனுமதி வாங்க வேண்டும். நெல்லும் வேர்க்கடலையும் விளையும் இடத்தில் போனால் அந்தப் பட்டியல்படி தேவையில்லை.

ஒன்றுமே பார்க்காமல் தோண்டிவிடுவார்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. வனநிலத்துக்கு வனத்துறை, கடலோரத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை, ஆற்றைக் கடக்க நீர்வளத்துறை, தண்டவாளத்தைக் கடக்க ரயில்வே என்று தனித்தனியாக அனுமதி வாங்கத்தான் வேண்டும். குழாயின் பாதுகாப்பு விதிகளைப் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் வகுக்கிறது. ஆனால் ஒவ்வொரு துறையும் தன் துண்டைத்தான் பார்க்கிறது. மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிவரை முழுச் சங்கிலியையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஒருவர் இல்லை.

2013இல் கொங்கு நாட்டில் குழாய்ப் பாதை பெரிய சண்டையாக வெடித்தது. கொச்சியிலிருந்து பெங்களூரு போகும் கெயில் குழாய் தமிழ்நாட்டில் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் 310 கி.மீ. ஓட வேண்டியிருந்தது. தென்னையையும் கிணற்றையும் இழக்கும் விவசாயிகள் குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த மார்ச்சில் முதல்வர் ஜெயலலிதாவும் சட்டமன்றத்தில் அதையே அறிவித்தார். நவம்பரில் உயர் நீதிமன்றம் பாதையை மாற்றச் சொன்ன அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் குழாயின் பக்கமே நின்றது. நடுவில், 2014 ஜூன் 27 விடியற்காலையில் ஆந்திரத்தின் 'நகரம்' என்ற கிராமத்தில் கெயில் குழாய் கசிந்து தீப்பற்றி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் 'ஆபத்தில்லை' என்ற சொல்லை விவசாயிகள் அவ்வளவு எளிதில் நம்பவில்லை.

இன்று நம் பக்கம் வருவோம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இல் திறக்கப்பட்டது. மைனஸ் 162 டிகிரியில் குளிரவைத்து, 600இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில் கொண்டுவரும் மீத்தேன் அங்கே மறுபடி வாயுவாகிறது. அங்கிருந்து கிளம்பும் இந்தியன் ஆயில் குழாய்வழியில் எண்ணூர்-செங்கல்பட்டு 115 கி.மீ., திருவள்ளூர்-பெங்களூரு 271 கி.மீ. ஆகிய இரு பகுதிகளை 2022 மே 26 அன்று சென்னையில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் ஏரிகளின் உபரிநீர் எண்ணூருக்குப் போகிறது, எண்ணூரிலிருந்து எரிவாயு மேற்கே வருகிறது.

விறகைவிடவும் நிலக்கரியைவிடவும் மீத்தேன் சுத்தமாக எரியும். சிலிண்டர் லாரிகள் குறையும். பாட்டியின் கண்ணை நினைத்தால் குழாயை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எரியாமல் கசியும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும் என்பதும் உண்மைதான். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கத்தான் மதிப்பீடு என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் எரிவாயுக் குழாயைக் கூட்டாட்சி எரிசக்தி ஆணையம் சுற்றுச்சூழல் பார்வையிலும் ஆராய்ந்த பிறகே அனுமதிக்கிறது. அதற்கு மேல், 2016இல் நியூயார்க் மாநிலம் கான்ஸ்டிடியூஷன் என்ற குழாய்க்கு நீர்த் தரச் சான்று தர மறுத்தது. வழியில் குறுக்கிடும் ஓடைகளுக்கு என்ன ஆகும் என்பதற்குச் சரியான பதில் இல்லை என்பது காரணம். 2020இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. பின்னர் 2025இல் மறுபடி பேச்சு கிளம்பியது. முடிவு எப்படிப் போனாலும், ஓடையின் பெயரால் ஒரு அரசு கேள்வி கேட்க அங்கே சட்டத்தில் இடம் இருந்தது.

இங்கே சட்டம் வேறு திசையில் நகர்ந்தது. சாலை, குழாய் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் இருந்த நேரத்தில், மத்திய அரசு அறிவித்தது. எவ்வளவு மண், எந்த இடத்தில் என்ற வரம்பே அதில் இல்லை. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. பள்ளத்துக்கும் கரைக்கும் மண் எங்கிருந்து வரும் என்பது ஏரிமண் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சின்னக் கேள்வி அல்ல.

கேட்பதற்குப் பெரிய செலவு ஆகிவிடாது. எந்த ஏரியின் எந்த வாய்க்காலைக் குழாய் கடக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தப் பள்ளம் மூடப்படுமா, மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துத் திரும்பப் போடுவார்களா, கடைமடை ஆயக்கட்டுக்காரர் தன் குறையை எங்கே சொல்வது? நான்கே கேள்வி, ஒரு கிராம சபைக் கூட்டத்தில் ஒரு மதியத்தில் பேசி முடிக்கலாம்.

2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு ஒரு செயலியை வெளியிட்டது. தோண்டுவதற்கு முன் அழையுங்கள் என்பதே அதன் பெயரின் பொருள். கிணறோ கால்வாயோ தோண்டப்போகிறவர் அதில் இடத்தைக் குறித்தால், அங்கே புதைந்திருக்கும் குழாய்க்கும் கேபிளுக்கும் உரிமையாளருக்குச் செய்தி போகும். நல்ல ஏற்பாடு, கட்டாயம் வேண்டியதுதான். குழாய்காரர் தோண்டும்போது மகேந்திர தடாகத்துக்குச் செய்தி போக அதில் வழி இல்லை.