சிறு திரையும் பெருந்திரையும்



எங்கள் தோட்டப் பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பில் பிள்ளைகள் 14 பேர். விதை முளைக்கும் விதத்தைக் காட்டும் படமொன்றை ஒருநாள் டேப்லெட்டில் போட்டுக் காட்டினோம். மேசையைச் சுற்றி 14 தலைகள்! முன்னால் நின்ற நான்கைந்து பேர் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு சிறுமி எம்பி எம்பிப் பார்த்தாள்; பிறகு பேசாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பின் மூலையில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று சும்மா நின்றது. இரண்டையும் இணைத்துவிட்டால் அந்தக் குறை தீரும் அல்லவா? பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் 45 வெள்ளி கொடுத்து, பட்டணத்திலிருந்து ஓர் அடாப்டர் வாங்கி வந்தோம். செருகினோம், கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால், படம் வரவில்லை. பெற்றோர் உழைத்துக் கொடுத்த பணத்துக்கு என்ன கணக்குச் சொல்வது? அந்த அனுபவம் கற்பித்த பாடத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

பொருந்துவது வேறு; படம் போவது வேறு. இதுவே அந்தப் பாடம்.

இன்றைய டேப்லெட்டுகளில் மின்னேற்றம் செய்யும் துளை பெரும்பாலும் யூ.எஸ்.பி-சி வகையைச் சேர்ந்தது. 2014ஆம் ஆண்டில் அறிமுகமான இதனை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். இத்துளையின் முழு வடிவில் 24 தொடுமுனைகள் உண்டு. மின்சாரம் செல்லச் சில, தகவல் செல்லச் சில என அவை பங்கிடப்பட்டுள்ளன. அதிவேகத் தகவலுக்குரிய முனைகளைப் படம் கொண்டு செல்லவும் பயன்படுத்தலாம். அம்முறைக்கு டிஸ்பிளேபோர்ட் மாற்றுமுறை என்று பெயர். ஆனால், அந்த வசதியைத் தயாரிப்பாளர் உள்ளே அமைத்திருந்தால்தான் படம் வெளியே வரும்.

லயத்து வீடுகளின் தண்ணீர்க் குழாய்களை எண்ணிப் பாருங்கள். எல்லாக் குழாயும் ஒரே வடிவந்தான். ஆயினும், பின்னால் தொட்டியோடு இணைப்பு இருந்தால்தானே தண்ணீர் வரும்? துளையின் வடிவைக் கண்டு ஏமாறுவதும் இப்படிப்பட்டதே.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி டேப் எஸ்7, எஸ்8, எஸ்9 ஆகியவற்றிலிருந்து கம்பி வழியாகப் படம் செல்லும். டேப் எஸ்6 லைட்டிலும் அதே யூ.எஸ்.பி-சி துளை உண்டு. ஆனால் படம் செல்லாது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் புரோவில் 2018 முதலும், சாதாரண ஐபேட்டில் 2022இல் வந்த பத்தாம் தலைமுறை முதலும் இத்துளை உண்டு. இவற்றிலிருந்து படம் செல்லும். லைட்னிங் என்னும் சிறு துளையுள்ள பழைய ஐபேட்டுக்கு, அதற்கென்றே செய்த வேறு அடாப்டர் தேவை.

அடுத்து, கம்பியைக் கவனிப்போம். டேப்லெட்டோடு வரும் மின்னேற்றக் கம்பிகள் பலவற்றில் படம் செல்வதற்கான இழைகளே இருப்பதில்லை. ஆகவே, படம் கொண்டு செல்லும் என்று குறிப்பிட்ட அடாப்டரையே கேட்டு வாங்க வேண்டும். மின்னேற்றத்துக்கும் ஒரு துளை உள்ள அடாப்டராக இருந்தால் நல்லது. இல்லையேல், இருக்கும் ஒரே துளையை அடாப்டர் பிடித்துக்கொள்ள, பாடத்தின் நடுவே மின்கலம் தீர்ந்துபோகலாம்.

இனி, இணைக்கும் முறை. அடாப்டரை டேப்லெட்டில் செருகுங்கள். எச்.டி.எம்.ஐ கம்பியின் ஒரு முனையை அடாப்டரிலும், மறு முனையைத் தொலைக்காட்சியிலும் செருகுங்கள். தொலைக்காட்சியில் எந்தத் துளையில் செருகினீர்களோ, அதன் எண்ணைத் தொலை இயக்கியில் தேர்ந்தெடுங்கள். இதை மறந்துவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று எண்ணுவோர் பலர். ஒலியும் அதே கம்பி வழியே செல்லும். கணினித் திரையாயின், அதில் ஒலிபெருக்கி உண்டா என்று முன்னதாகவே பாருங்கள். ஐபேட் படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் அஞ்ச வேண்டாம். தொலைக்காட்சித் திரை அதைவிட அகலமானது, காரணம் அவ்வளவே.

கம்பி வழி இல்லாத டேப்லெட்டுக்கு வேறு வழியே இல்லையா? உண்டு. 2012இல் வந்த மிராகாஸ்ட் முறையில், ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றிலிருந்து கம்பியின்றியே படம் அனுப்பலாம். தொலைக்காட்சியிலும் அவ்வசதி இருக்க வேண்டும். இணையச் சேவை இல்லாமலே இது இயங்கும் என்பது தோட்டப் புறங்களுக்குப் பெரிய ஆறுதல். எங்கள் வகுப்பின் சிக்கலும் இம்முறையால்தான் தீர்ந்தது.

ஆகவே நேயர்களே, வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். டேப்லெட்டின் விவரக் குறிப்பில் டிஸ்பிளேபோர்ட் அல்லது படவெளியீடு என்ற சொல் உள்ளதா? அடாப்டர் படம் கொண்டு செல்லுமா? திரையில் எச்.டி.எம்.ஐ துளை உண்டா? முடிந்தால் டேப்லெட்டைக் கடைக்கே எடுத்துச் சென்று, படம் வருவதைக் கண்ணால் கண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இப்போது அந்தச் சிறுமி தன் இடத்தில் அமர்ந்தபடியே, விதை பிளந்து வேர் இறங்குவதைப் பார்க்கிறாள். எம்ப வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.