அத்தைக்கு எந்த மூட்டு?

எனக்கு ஊர் தென்காசி. போன வருஷம் சாரல் சமயம், குற்றாலத்தில் நாத்தனார் வீட்டுக் கிணற்றடியில் பாசி வழுக்கி, 76 வயதான என் மாமியார் விழுந்துவிட்டார். ஒரு கால் குட்டையாகி, வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

"எண்ணெய்க்கட்டு போட்டா கூடிரும்" என்றார்கள் பக்கத்து வீட்டில். நாங்கள் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டதாம். மேலே உள்ள பந்துக்கு ரத்தம் போவது தடைப்படுவதால், இந்த வயதில் கூடுவது கஷ்டமாம். "கிண்ணம் நன்றாக இருக்கிறது. பந்தை மட்டும் மாற்றினால் போதும்" என்றார் டாக்டர்.

அதிலும் வகை இருக்கிறது! 1950-களில் வந்த ஆஸ்டின் மூர் ஒரே துண்டு. தண்டில் உள்ள ஓட்டைகளில் எலும்பு வளர்ந்து பிடிக்க வேண்டும். பைபோலார் என்பது பந்துக்குள் பந்து. கிண்ணம் தேய்வது குறையலாம்; விலை அதிகம்.

"அம்மாவுக்குக் கணக்குப் பார்க்கலாமா? விலை கூடினதையே வைப்போம்" என்று என் வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார் வீட்டுக்காரர். அத்தையோ, "ஏளா, எதை வச்சாலும் சரி. நானா எந்திரிச்சு கக்கூசுக்குப் போகணும்" என்றார். அதையே டாக்டரிடம் சொன்னேன்.

"அதற்கு ஒற்றைப் பந்தே போதும். நடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. தண்டு ஆடாமல் நிற்பதுதான் முக்கியம்" என்றவர், எலும்பு சிமென்ட் வைக்கச் சொன்னார். பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 1,225 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022-ல் வந்ததாம். சிமென்ட் இல்லாதவர்களில் 100-க்கு 2 பேருக்கு தண்டைச் சுற்றி எலும்பு மறுபடி உடைந்தது. சிமென்ட் வைத்தவர்களில் 200-க்கு ஒருவருக்குத்தான். ஆனால் சிமென்ட் வைக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம் என்று இதயத்தையும் சோதித்துவிட்டே செய்தார்கள்.

மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். சம்மணம் போடக்கூடாது, குத்தவைக்கக்கூடாது. வளையலை அடகு வைக்காமல், வீட்டில் உட்காரும் கக்கூசும் சுவரில் கைப்பிடியும் போட்டோம்.

இப்போது அத்தை கம்பு ஊன்றி காசி விஸ்வநாதர் கோயிலுக்கே போய் வருகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், "எது விலை கூட?" என்று கேட்காதீர்கள். "ஒற்றையா, இரட்டையா? சிமென்ட் உண்டா? எப்போது நிற்கலாம்? காப்பீட்டு அட்டையில் வருமா?" என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், இன்றைக்கே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிணற்றடியைத் தேய்த்துவிடுங்கள்!

- ஒரு வாசகி, தென்காசி